பின்சீட்டில் ஒருவர் இருக்கிறார்

பைக் டாக்சி ஓட்டுகிறவர் ரோட்டில் எப்படிப் போகிறார் என்று அவரிடம் கேட்க வேண்டியதில்லை. வண்டியே சொல்லிவிடும். பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூ இரும்பு தெரியத் தேய்ந்திருக்கும். டிரம்மின் உட்புறத்தில் விரல் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடு விழுந்திருக்கும். அதே வண்டியின் முன் சக்கரத்துக்கு வந்தால் டிஸ்க் பேட் பாதிகூடத் தேய்ந்திருக்காது. பின் டயரின் நடுப்பகுதி மொட்டையாகி, ஓரத்தில் மட்டும் பட்டன் மிச்சமிருக்கும். ஹாரன் பட்டனில் போட்டிருந்த குறி அழிந்து வழவழவென்று ஆகியிருக்கும். எனக்கு இவ்வளவு போதும். இவர் பிரேக்கைக் காலால் மட்டும் பிடிக்கிறார், அதையும் கடைசி நேரத்தில் ஓங்கி மிதிக்கிறார், மற்றதெல்லாம் ஹாரன் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஓட்டுகிறார்.

சென்னை வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருபது வருஷத்துக்கு மேலாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஆபீஸ் போகிறவர்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கள், சினிமா கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் வருவார்கள். இப்போது காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நிற்கிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஹேண்டில்பாரில் மொபைல் ஹோல்டர் இருக்கிறது. காலையில் ஆள் ஏற்றுவார், மத்தியானம் பிரியாணி கொண்டுபோவார், சாயங்காலம் மறுபடி ஆள் ஏற்றுவார். ஒரே வண்டி, ஒரே ஆள். அவர்களில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற திருவண்ணாமலைப் பையன் இருக்கிறான். ஐம்பத்தைந்து வயதில் செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டு வந்தவர் இருக்கிறார். மகளை நர்சிங் படிக்க வைக்கும் ஒரு தாய் இருக்கிறார்.

இவர்களைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்: "பொறுப்பில்லாத பசங்க, எமன் மாதிரி ஓட்றானுங்க." ஓட்டுகிற விதம் ஆபத்தானது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கடைக்கு வந்து சேரும் வளைந்த ஃபோர்க்குகளையும் உடைந்த ஃபுட்ரெஸ்டுகளையும் கையால் தொட்டுப் பார்க்கிறவன் நான். ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பயணிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த வண்டியில் இரண்டாவதாக உட்காருகிறவர் நீங்கள்.

2022ஆம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. இந்தக் கணக்கைத் தருகிற மத்திய அரசின் அறிக்கையில் பைக் டாக்சிக்கென்று தனிக் கணக்கு கிடையாது; எல்லாம் இருசக்கர வாகனம் என்ற ஒரே வரிசையில் போய்விடுகிறது. வாடகைக்கு ஆள் ஏற்றும்போது செத்தவரும், கடைக்குப் பால் வாங்கப் போய்ச் செத்தவரும் அங்கே ஒன்றுதான். கணக்கே எடுக்காத ஆபத்தை யாரும் குறைக்கப் போவதில்லை.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

"முன் பிரேக் புடிச்சா தூக்கிப் போட்ரும்ணா" என்று யாராவது ஒருவர் தினமும் சொல்லிவிடுவார். சைக்கிள் பழகிய வயதில் மனதில் விழுந்த பயம் அது. மணலிலோ ஈரத்திலோ, ஹேண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு முன் பிரேக்கைப் பட்டென்று அழுத்தினால் வண்டி வழுக்கும் என்பது உண்மை. ஆனால் காய்ந்த ரோட்டில், ஹேண்டில் நேராக இருக்கும்போது, வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்திடம்தான் இருக்கிறது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரமும் ஆளின் பாரமும் முன்னால் சாய்கின்றன. முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான டயரைக் காலால் எவ்வளவு மிதித்தாலும் அது சுற்றுவதை நிறுத்திவிட்டு இழுபட்டுக்கொண்டுதான் போகும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் நிற்கிற தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் போய்த்தான் காலால் மட்டும் பிடித்த வண்டி நிற்கும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற வண்டிகளில் இதற்கு ஓரளவு வழி செய்திருக்கிறார்கள். 125 சிசிக்கு மேல் என்றால் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றதும் சேர்ந்து பிடிக்கிற அமைப்பாவது இருக்க வேண்டும். ஆனால் என் கடைக்கு வரும் டாக்சி வண்டிகளில் பல அதற்கு முந்தியவை, இரண்டாம் கை மூன்றாம் கை மாறி வந்தவை. மைலேஜ் கொடுக்கிற பழைய 100 சிசி வண்டிக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு.

பின்னால் ஆள் ஏறினால் வண்டியின் குணமே மாறிவிடுகிறது. அறுபது எழுபது கிலோ பாரம், அதுவும் பின் சக்கரத்துக்கு நேர் மேலே. பின் ஷாக் அப்சார்பர் இறங்குகிறது, முன்பக்கம் தூக்குகிறது, ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கிறது. திருப்பத்தில் வண்டி சாய நேரம் எடுக்கிறது. பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் முதுகில் வந்து மோதுகிறார். கை ஹேண்டிலில் குத்துகிறது. இதற்காகத்தான் வண்டிக் கம்பெனிக்காரர்கள் பின் டயருக்குத் தனியாகப் போகும்போது ஒரு காற்றும், ஆள் ஏற்றினால் அதைவிடக் கூடுதலான காற்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும், சில வண்டிகளில் செயின் கவரில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும். பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவர்கூட அதைப் படித்திருக்க மாட்டார். நாள் முழுக்க ஆள் ஏற்றுகிற வண்டி, ஒற்றை ஆளுக்கான காற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் திருவண்ணாமலைப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் பின்னாலிருக்கும் காலி மனைப் பக்கம் கூட்டிப்போனேன். தார் போட்ட ஒரு துண்டு ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு செங்கல்லை வைத்து, "இது வந்ததும் பிரேக் புடி" என்றேன். முப்பதில் வந்தான், காலால் மிதித்தான். பின் சக்கரம் கீச்சென்று இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கியது.

"இப்ப முன் பிரேக்கையும் சேர்த்துப் புடி தம்பி. பட்டுனு அமுக்காத. ரெண்டு விரல்ல மெதுவா இறுக்கிக்கிட்டே வா."

"வுழுந்துட்டா?"

"நேரா போற வரைக்கும் வுழ மாட்ட. ஹேண்டில திருப்பாத, அவ்ளோதான்."

முதல் தடவை விரல் லீவரைத் தொட்டதோடு சரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கக் கற்றுக்கொண்டான். கடைசியாக வந்தபோது முன் ஃபோர்க் அழகாக இறங்கி, வண்டி ஆடாமல் நின்றது. செங்கல்லிலிருந்து நின்ற இடம் வரை நடந்து பார்த்தான். முதலில் நின்ற இடத்தையும் நடந்து பார்த்தான். "இத்தினி வருஷமா யாருமே சொல்லலியேண்ணா" என்றான். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது. எட்டுப் போட்டுக் காட்டி வாங்கியதுதான். எட்டுப் போடும்போது யாரும் பிரேக் பிடிக்கச் சொல்வதில்லை.

சரி, தேய்ந்த ஷூவை ஏன் மாற்றாமல் ஓட்டுகிறார்கள்? பின் ஷூ மாற்ற என் கடையில் முந்நூற்றைம்பது ரூபாய் ஆகும். அந்தப் பணத்தைவிடப் பெரிய விஷயம், வண்டி முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்பது. அவர்களுக்கு ஓடினால்தான் காசு. சவாரி எடுக்கப் போகிற தூரத்துக்குக் கிடைப்பது சொற்பம், சில சமயம் அதுவும் இல்லை. சிக்னலில் நிற்கிற நேரத்துக்கு எதுவும் கிடையாது. இத்தனை சவாரி முடித்தால் இவ்வளவு கூடுதல் என்று செயலியின் திரையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு சவாரி பாக்கி இருக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிட்டால், அந்த மனிதர் எந்த வேகத்தில் போவார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். "சாயங்காலம் பீக் முடிஞ்சதும் வந்துர்றேன்ணா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் வருவதில்லை.

அந்தத் திரை இன்னொரு ஆபத்து. பின்சீட்டுக்காரரை இறக்கிவிடுவதற்கு முன்பே அடுத்த ஆர்டர் அடிக்கிறது. சில நொடிக்குள் தொடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். ஓடுகிற வண்டியில் இடது கையை எடுத்து, திரையைப் பார்த்து, இடத்தைப் படித்து, தொட வேண்டும். இரண்டு நொடி என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடியில் வண்டி 28 மீட்டர் போகிறது. கண் ரோட்டில் இல்லாமல் 28 மீட்டர். வடபழனி சிக்னல் பக்கத்தில் அந்த நீளத்துக்குள் ஒரு மாநகரப் பேருந்து, இரண்டு ஆட்டோ, ரோட்டைக் கடக்கிற ஒரு குடும்பம் எல்லாம் அடங்கிவிடும். வண்டி நிற்கும்போது மட்டும் அடுத்த ஆர்டரைக் காட்டுவது செயலி நடத்துகிறவர்களால் முடியாத காரியம் இல்லை. வண்டி எந்த வேகத்தில் போகிறது என்பது அந்தப் போனுக்கே தெரியும்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் ஆட்டோ கிடைக்காது, பஸ் பிதுங்கும். அந்த நேரத்தில்தான் செயலியில் கட்டணம் ஏறும். விவரம் தெரிந்தவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டீக்கடையில் ஒதுங்க வேண்டிய நேரமும் அதுதான். மழை பிடித்த முதல் கால் மணி நேரம் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழவழத்துப்போகும். ஆற்காடு சாலைப் பக்கம் மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு தடுப்பு, திருப்பம், பள்ளம் எல்லாம் மாதத்துக்கு மாதம் இடம் மாறின. நேற்று இல்லாத பள்ளம் இன்று தண்ணீருக்கடியில் இருக்கும். மொட்டை டயருக்குத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வழியே இல்லை. டயரில் வெட்டியிருக்கும் காடி அதற்காகத்தான். அந்த டயரோடு, அதிகக் கட்டணத்துக்காக, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மழையில் போகிறார்கள்.

வேகத்தால் மிச்சமாவது என்ன? வளசரவாக்கத்திலிருந்து கிண்டி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். நெரிசல் நேரத்தில் நாற்பதில் போகிறவரும் அறுபதில் போகிறவரும் அடுத்த சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்பார்கள். மூன்று நான்கு நிமிடம் மிச்சமானால் பெரிது. அடிபடும்போது கணக்கு வேறு. மோதலின் வலு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. ஐம்பதில் மோதுவதைவிட எழுபதில் மோதினால் அடி ஏறக்குறைய இரண்டு மடங்கு. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் இருசக்கர வாகனங்களுக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றும், குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் முப்பது என்றும் வரம்பு வைத்தது. தெருவுக்குள் முப்பது என்பதை இன்றுவரை யாரும் மதித்து நான் பார்க்கவில்லை.

எதிர்த்திசையில் ஓட்டுவதில் பயணிகளுக்கும் பங்கு இருக்கிறது. யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பயணி எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு போன் செய்வார்: "இதோ தெரியுது உங்க வண்டி, அப்படியே ராங்ல வந்துருங்க, ரெண்டு நிமிஷம்." சுற்றி வந்தால் பெட்ரோல் ஓட்டுகிறவருடையது, தாமதத்துக்குக் கிடைக்கிற கெட்ட பெயரும் அவருடையது. அவர் ராங்கில் வருவார். எதிரே வருகிறவனுக்கு அங்கே ஒரு வண்டி வரும் என்ற நினைப்பே இருக்காது. ரோட்டைக் கடந்து சரியான பக்கம் போய் நிற்க உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். தயவுசெய்து போய் நில்லுங்கள்.

ஹெல்மெட் விஷயம் எல்லோரும் பேசுவதுதான். நான் கையில் எடுத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். டாக்சி வண்டிகளில் பயணிக்கென்று தொங்குகிற இரண்டாவது ஹெல்மெட் பெரும்பாலும் மண்டையின் மேற்பாதியை மட்டும் மூடுகிற தொப்பி மாதிரியான சாமான். பக்கிள் உடைந்திருக்கும், வார் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும். உயிரைக் காப்பாற்றுவது அந்தத் தெர்மாகோல்தான். அடி விழும்போது அது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழாது. கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. 2021 ஜூனிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனாலும் ரோட்டோரக் கடைகளில் இன்றும் முத்திரை இல்லாதது தொங்குகிறது.

சட்டம் ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒன்றுதான். மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம் என்று இருக்கிறது. 2022இல் ஹெல்மெட் போடாமல் இறந்ததாகப் பதிவானவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். "பத்து பேர் தலையில போட்டது, அழுக்கா இருக்கு" என்று பயணிகள் கையில் வைத்துக்கொண்டு போவதை நானே பார்க்கிறேன். அருவருப்பு நியாயமானது. ஹெல்மெட்டுக்குள் தலையில் கட்டிக்கொள்ள ஒரு பருத்தித் துணியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் போகிறவராக இருந்தால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு சாமான் சேலை கார்டு. பின்னால் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் தடுக்க, பின் சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கிற தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கால் வைக்க ஃபுட்ரெஸ்டும் அதே விதியில்தான் இருக்கின்றன. வாங்கும்போது வண்டியில் இதெல்லாம் இருக்கும். அழகாயில்லை என்று சேலை கார்டைக் கழற்றச் சொல்லி என்னிடமே வருவார்கள். சொந்த வண்டியாக இருந்தாலும் கழற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். துப்பட்டா செயினில் சுற்றி இழுத்தால் கழுத்துத்தான் போகும். செயினில் இறுகிப்போன துணியைக் கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறேன். அந்தத் துணி யாருடையது, அவருக்கு என்ன ஆயிற்று என்று வண்டிக்காரர் சொல்லும்போது என் கை ஓடவில்லை.

மகளை நர்சிங் படிக்க வைக்கும் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அவர் ஸ்கூட்டரில் பெண்களை மட்டும் ஏற்றுகிறார். ஒவ்வொரு சவாரியிலும் கிளம்புவதற்கு முன் திரும்பிப் பார்த்து ஒரே பாட்டைப் பாடுவார்: "துப்பட்டாவ முன்னால இழுத்து முடிச்சு போட்டுக்கம்மா. ஹெல்மெட் வாரு டக்குனு சத்தம் கேக்கணும். ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரு. நான் நாப்பதுக்கு மேல போக மாட்டேன், அவசரம்னா வேற வண்டி பாத்துக்கோ." வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கியவர்கள் மிகக் குறைவு என்கிறார். அவருடைய வண்டியின் பிரேக் ஷூ மற்றவர்களைவிட இரண்டு பங்கு காலம் உழைக்கிறது. முன்னால் பார்த்து, முன்கூட்டியே ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுகிறவருக்கு பிரேக்கின் தேவையே குறைவு. சம்பாத்தியத்தில் மற்றவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் அவர் இன்சென்டிவை எதிர்பார்ப்பதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு போனை அணைத்துவிடுகிறார்.

எல்லோராலும் அப்படி அணைக்க முடிவதில்லை. போன மழைக்காலத்தில் என் வாடிக்கையாளர் ஒருவர், பகலில் ஒரு குடோனில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி சவாரி ஓட்டுகிறவர், பதினோரு மணி வாக்கில் விழுந்தார். ரோட்டைத் தோண்டிய இடத்தில் மேலே இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். ஈரத் தகட்டில் டயருக்குப் பிடிமானமே கிடையாது. அதன்மேல் ஏறிய பிறகு பின் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி அப்படியே படுத்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பயணிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது, இவருக்கு முழங்கால். வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். பின் ஷூவைத் திறந்து பார்த்தேன். மிச்சம் ஒன்றும் இல்லை.

இன்சூரன்ஸ் இருந்தது, நாள் தவறாமல் கட்டியிருந்தார். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான பாலிசி. கூலி வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் செல்லாது என்று அதில் எழுதியிருக்கிறது. வெள்ளை நம்பர் பலகை வண்டியில் சவாரி ஓட்டும் பெரும்பாலானோருக்கு இந்த வரி தெரியாது. வண்டிச் செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தது. முழங்கால் ஆறும்வரை இரண்டு வேலையும் இல்லை.

சட்டத்தின் பக்கம் வருவோம். மோட்டார் சைக்கிளையும் வாடகை வண்டியாகக் கருதலாம் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2024 தொடக்கத்தில் மாநிலங்களுக்கு எழுதியது. 2025 ஜூலையில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், சொந்த உபயோக பைக்கிலும் பயணிகளை ஏற்ற மாநில அரசு அனுமதிக்கலாம் என்று முடிவை மாநிலங்களிடம் விட்டது. கோவாவில் மஞ்சளும் கறுப்பும் அடித்த பைக்கில் 'பைலட்'டுகள் எத்தனையோ பத்தாண்டுகளாக முறையான பெர்மிட்டோடு ஓட்டுகிறார்கள். ருவாண்டாவின் கிகாலியில் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் எண் போட்ட சட்டை அணிந்து, பயணிக்கு ஒரு ஹெல்மெட்டும் வைத்துக்கொண்டுதான் ரோட்டுக்கு வருகிறார்கள். நைஜீரியாவின் லேகோஸ் நகரம் 2020இல் பல பகுதிகளில் ஒரேயடியாகத் தடை போட்டுப் பார்த்தது; 2022இல் மறுபடி தடை போட வேண்டியிருந்தது. பஸ் போகாத தெருவில் இருப்பவனுக்கும் வேலை இல்லாதவனுக்கும் இந்த வண்டி தேவைப்படுகிறவரை தடையால் அது ஒழியாது. பெர்மிட் கொடுத்து, அதற்கேற்ற இன்சூரன்ஸும் பிரேக் சோதனையும் கட்டாயமாக்குவதே சரி என்பது என் முடிவு.

பைக் டாக்சி நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆளைச் சேர்க்கும்போது ஆர்சி புத்தகத்தையும் லைசென்ஸையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள். வண்டியின் பிரேக்கை யார் பார்த்தது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு மெக்கானிக்கிடம் பிரேக், டயர், செயின், லைட், சேலை கார்டு ஐந்தையும் காட்டிக் கையெழுத்து வாங்கிவரச் சொல்லுங்கள். அந்தச் செலவை நீங்கள் கொடுங்கள். மழையில் கூடுதல் கட்டணம் கொடுப்பது போல, மழையில் வண்டி ஓட்டாமல் நிற்கிற ஆளுக்கு அந்த வாரக் கணக்கில் எதையும் குறைக்காமல் இருங்கள்.

ஓட்டுகிற தம்பிகளுக்கு: 2023இல் தமிழ்நாடு அரசு இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்காக நல வாரியம் அமைத்திருக்கிறது, பதிவு செய்யாதவர்கள் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை முழுக்கப் படியுங்கள். நிறுவனம் தருகிற விபத்துக் காப்பீடு சவாரியில் இருக்கும்போது மட்டுமா, சவாரிக்குக் காத்திருக்கும்போதும் உண்டா என்று கேளுங்கள். விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது; பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் காசு கட்டத் தேவையில்லை. விழுந்து கிடப்பவரைத் தூக்கி 108க்குச் சொல்கிறவரைப் போலீஸ் சாட்சி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 2019 சட்டத் திருத்தமும் அதன்கீழ் வந்த விதிகளும் அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன.

பின்சீட்டில் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆபீசுக்குப் பத்து நிமிடம் முன்கூட்டியே வண்டி புக் பண்ணுங்கள். ஏறும்போதே "அவசரம் இல்ல, மெதுவா போங்க" என்று சொல்லிவிடுங்கள். ஓட்டுகிறவர் எத்தனையோ பேரிடமிருந்து "சீக்கிரம் போங்க" என்று கேட்டுப் பழகியவர். போகிற வழியில் அவர் போனைப் பார்த்தால் தோளைத் தட்டிச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு, சிக்னலில் நின்று, சுற்றி வந்து, நாற்பதுக்கு மேல் போகாமல் உங்களைக் கொண்டுவந்து விட்டவருக்கு ஐந்து நட்சத்திரத்தையும் கொடுங்கள். தாமதமாகிவிட்டது என்பதற்காக ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.